பெட்டி இல்லாத ரவுட்டர்

லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் நிறுவனம், தன் ரவுட்டர்களில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒற்றைக் கோப்பாகவும் தருகிறது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விரித்தால் 128 எம்பி. லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு அதை வட்டாகக் கொடுத்து ஓடவிட்டால், சற்று நேரத்தில் பயனர் பெயரைக் கேட்டபடி ஒரு ரவுட்டர் வந்து நிற்கும். உலோகப் பெட்டி கிடையாது, விசிறிச் சத்தம் கிடையாது, வயர் கிடையாது. இணையச் சேவை நிறுவனங்களின் அறைகளில் இருக்கும் ரவுட்டர்கள் பேசுகிற அதே நெறிமுறைகள், அதாவது அதே ஓஎஸ்பிஎஃப், அதே பிஜிபி, அதே எம்பிஎல்எஸ், இதிலும் உண்டு. கோப்பை இன்னொரு நகல் எடுத்தால் இன்னொரு ரவுட்டர். பத்து நகல் எடுத்தால் ஒரு சிறிய நாட்டின் இணையக் கட்டமைப்பையே மேசை மேல் வரைந்து பார்க்கலாம்.

இப்படிப்பட்ட கோப்புகளை ரவுட்டர் இமேஜ் என்கிறார்கள். சிஸ்கோ, ஜூனிபர், நோக்கியா, அரிஸ்டா என்று பெரிய நிறுவனங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் இதைத் தருகின்றன. வீட்டில் இவற்றை ஓடவிட்டு நெட்வொர்க் படிப்பவர்கள் நம் ஊரிலும் ஏராளம். சிஸ்கோவின் சிசிஎன்ஏ போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களின் லேப்டாப்பில் நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். தேர்வுக் கேள்வியில் வரும் கட்டளைகளை அடித்துப் பழகுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. நிஜ நெட்வொர்க்கில் கை வைக்கவே விடமாட்டார்கள் என்கிற இடங்களில் கை வைத்துக் கெடுத்து, கேடு எப்படிப் பரவுகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது. அதற்கு ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இப்படி மெய்நிகர் ரவுட்டர்களை இணைத்து அமைக்கும் சோதனைக்கூடத்தில், அதாவது லேபில், காண்பதில் எது நிஜ ரவுட்டருக்கும் பொருந்தும், எது மெய்நிகர் சூழல் உண்டாக்கும் தோற்றம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

ரவுட்டர் பார்க்கும் வேலை இரண்டு வகை. அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு பேசி, எந்த முகவரிக்குப் போக எந்த வாசல் என்ற பட்டியலைத் தயாரிப்பது ஒன்று. இதற்கு கன்ட்ரோல் பிளேன் என்று பெயர். வந்து விழும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அந்தப் பட்டியலைப் பார்த்து உரிய வாசலில் தள்ளிவிடுவது மற்றொன்று. இது டேட்டா பிளேன். முதல் வேலையில் சிக்கல் அதிகம், அவசரம் குறைவு. சாதாரண பிராசசரில் ஓடும் மென்பொருளே அதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் சிக்கல் குறைவு, அவசரம் பயங்கரம். 10 ஜிகாபிட் இணைப்பு ஒன்றில் 64 பைட் அளவுள்ள சிறிய ஃபிரேம்களாகவே வந்துகொண்டிருந்தால், வினாடிக்கு ஒரு கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் ஃபிரேம்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நானோ வினாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்று அதற்குள் 200 முறைதான் துடிக்கும். ரேமிலிருந்து ஒரே ஒரு தகவலை எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஏறக்குறைய முடிந்துவிடும். பெரிய ரவுட்டர்களில் இதற்கென்றே தனிச் சிப் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இமேஜ் கோப்புக்குள் முதல் வேலைக்கான மென்பொருள் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வேலையைச் செய்யும் சிப்பைக் கோப்பாக்க முடியாதல்லவா? அதற்குப் பதிலாக, அதே வேலையை நிதானமாகச் செய்யும் மாற்று மென்பொருள் ஒன்றை உள்ளே வைத்திருப்பார்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொன்ன பிரித்துப் பார்க்கும் வேலை பாதி முடிந்தது.

பெட்டியிலிருந்து ரவுட்டரைப் பிரித்தெடுத்த கதை 2005 ஆகஸ்டில் தொடங்குகிறது. பிரான்சில் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபில்லோ, டைனமிப்ஸ் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். சிஸ்கோவின் 7200 வரிசை ரவுட்டர்களில் இருந்தது மிப்ஸ் வகை பிராசசர். நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எக்ஸ்86 பிராசசருக்கு மிப்ஸ் ஆணைகள் புரியாது. டைனமிப்ஸ் அந்த ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து எக்ஸ்86 ஆணைகளாக மாற்றிக் கொடுத்தது. சிஸ்கோவின் ஐஓஎஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தான் 7200 பெட்டிக்குள் இருப்பதாகவே ஐஓஎஸ் நினைத்துக்கொண்டு ஓடியது.

அப்படி ஓடியபோது எழுந்த ஒரு சிக்கலும் அதை அவர் தீர்த்த விதமும், கணினி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவே உதவும். வேலை எதுவும் இல்லாதபோது ஐஓஎஸ் சும்மா இருப்பதில்லை. ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா என்று கேட்டபடி ஒரு சிறிய நிரல் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நிஜப் பெட்டியில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பிராசசருக்கு வேறு வேலை கிடையாது. ஆனால் டைனமிப்ஸ் அந்த வெற்றுச் சுற்றலையும் விசுவாசமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. ஒரு பாக்கெட்கூட வராத ஒற்றை ரவுட்டர், கம்ப்யூட்டரின் பிராசசரை நூறு சதவீதம் தின்றுவிடும். மூன்று ரவுட்டர் ஓடவிட்டால் லேப்டாப் கொதிக்கும்.

இதற்கு அவர் கண்ட தீர்வு இது: ஐஓஎஸ் கோப்பில் அந்த வெற்று வளையம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் போதும். ரவுட்டர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும்போதெல்லாம் அது வேலையில்லாமல் இருக்கிறது என்று டைனமிப்ஸ் புரிந்துகொண்டு, தானும் சிறிது நேரம் தூங்கிவிடும். இதுதான் ஐடில்-பிசி மதிப்பு. ஒவ்வொரு ஐஓஎஸ் கோப்புக்கும் இது வேறுபடும். ரவுட்டரைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு டைனமிப்ஸே சில மதிப்புகளைப் பரிந்துரைக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சரியான மதிப்பு அகப்பட்டதும் பிராசசர் பயன்பாடு சட்டென்று தரைக்கு வந்துவிடும். டைனமிப்ஸின் மேல் ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜிஎன்எஸ்3 வந்த பிறகு, ரவுட்டர்களைத் திரையில் படமாக இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைப்பது யாருக்கும் சாத்தியமாயிற்று. ஒரு தலைமுறையே அதில்தான் ரவுட்டிங் கற்றது.

பிறகு இரண்டு பக்கமும் காலம் மாறியது. ரவுட்டர் தயாரிப்பாளர்கள் தங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொதுவான அடித்தளங்களின் மேல் கட்டினார்கள். ஜூனிபரின் ஜூனோஸ் தொடக்கத்திலிருந்தே ஃபிரீபிஎஸ்டி மேல் நின்றது. அரிஸ்டா லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. சிஸ்கோவின் ஐஓஎஸ்-எக்ஸ்இயும் லினக்ஸ் மேல் ஓடுகிறது. மறுபக்கம், இன்டெல் 2005 முதலும் ஏஎம்டி 2006 முதலும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைப் பிராசசருக்குள்ளேயே வைத்தன. அந்த வசதியைப் பயன்படுத்தும்படி ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்ற மென்பொருள், 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 கர்னலோடு சேர்ந்தது. இதன்பின் மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் போயிற்று. மெய்நிகர் இயந்திரத்துக்குள் விருந்தாளியாக ஓடும் ரவுட்டரின் ஆணைகள் நேரே நம் பிராசசரிலேயே ஓடுகின்றன. வேலை இல்லையென்றால் விருந்தாளியே அதைச் சொல்லிவிடும். ஐடில்-பிசி தேடல் பழங்கதையாயிற்று.

இன்றைக்கு லேப் போடுகிறவருக்கு முட்டுக்கட்டை பெரும்பாலும் ரேம்தான். எஃப்ஆர்ஆர் என்ற திறந்தநிலை ரவுட்டிங் மென்பொருளை ஒரு கன்டெய்னரில் ஓடவிட்டால் சில பத்து எம்பி போதும். மைக்ரோடிக் இமேஜுக்கு 256 எம்பி தாராளம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 8000வி ஒன்றுக்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும். ஜூனிபரின் விஜூனோஸ் ரவுட்டருக்கு 5 ஜிபி. இந்தக் கடைசி இமேஜின் அமைப்பு சுவையானது. வெளியே ஒரு மெய்நிகர் இயந்திரம். பாக்கெட் கடத்தும் பகுதி அதில் ஓடுகிறது. முடிவெடுக்கும் ஜூனோஸ், அதற்கு உள்ளே இன்னொரு மெய்நிகர் இயந்திரமாக ஓடுகிறது. நிஜப் பெட்டியில் தனித்தனி அட்டைகளில் இருக்கும் இரண்டு பிளேன்களும் இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே மெய்நிகர் இயந்திரத்துக்குள் மெய்நிகர் இயந்திரத்தை அனுமதிக்கும் வசதி நம் கம்ப்யூட்டரில் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் ஜூனோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

வட்டு இடம் பற்றிக் கவலை வேண்டாம். கியூகவ்2 என்ற வட்டு வடிவில், மூல இமேஜை ஒருமுறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரவுட்டரும் தான் மாற்றியதை மட்டும் தனிக் கோப்பில் எழுதும்படி செய்யலாம். இருபது ரவுட்டர் இருந்தாலும் மூலக் கோப்பு ஒன்றுதான். ரேமிலும் இப்படி ஒரு சிக்கனம் உண்டு. ஒரே இமேஜின் பல பிரதிகள் ஓடும்போது அவற்றின் நினைவகப் பக்கங்களில் பல அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். 2009 முதல் லினக்ஸ் கர்னலில் இருக்கும் கேஎஸ்எம் என்ற வசதி, அப்படிப்பட்ட பக்கங்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக்கிவிடும்.

ரவுட்டர்கள் எழுந்து நின்ற பிறகு புதிதாக லேப் போடுகிறவர்களைத் திணறடிக்கும் புதிர்கள் பெரும்பாலும் ரவுட்டருக்குள் இருப்பதில்லை. இரண்டு ரவுட்டருக்கு நடுவே இருக்கின்றன. நிஜ உலகில் நடுவே இருப்பது ஒரு வயர். லேபில் வயர் வேலையைப் பார்ப்பதும் மென்பொருள்தான், அதற்கென்று சொந்தக் குணங்கள் உண்டு.

முதல் உதாரணம், ஒவ்வொரு நெட்வொர்க் வாசலுக்கும் உரிய மேக் முகவரி. கியூஎமு என்ற நிரலைக் கைப்பட இயக்கி ரவுட்டரை ஓடவிடும்போது, மேக் முகவரி எதுவும் கொடுக்காவிட்டால் அது தானாகவே 52:54:00:12:34:56 என்ற முகவரியைக் கொடுக்கும். இரண்டாவது ரவுட்டரை ஓடவிட்டால் அதற்கும் அதே முகவரி. இரண்டையும் பிரிட்ஜ் என்ற மென்பொருள் ஸ்விட்சில் இணைத்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் வராது. ஐபி முகவரி சரி, கட்டமைப்பு சரி, இணைப்பும் உயிரோடு இருக்கிறது. பதில் மட்டும் இல்லை. நடப்பது இதுதான்: இரண்டாவது ரவுட்டர் அனுப்பும் பதில், 52:54:00:12:34:56-க்குப் போக வேண்டும் என்ற குறிப்போடு பிரிட்ஜுக்கு வருகிறது. அனுப்பியவரின் முகவரியும் அதுவே. இந்த முகவரி எந்த வாசலில் இருக்கிறது என்று பிரிட்ஜ் தன் குறிப்பேட்டைப் பார்க்கிறது. பாக்கெட் இப்போது வந்த அதே வாசலைத்தான் குறிப்பேடு காட்டுகிறது. வந்த வாசலிலேயே திருப்பி அனுப்புவது பிரிட்ஜின் விதியில் இல்லை. பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்ற கருவிகள் தனித்தனி முகவரி கொடுத்துவிடுவதால் அவற்றைப் பயன்படுத்துவோர் இதைச் சந்திப்பதில்லை. ஆனாலும் ஒருமுறை வேண்டுமென்றே இப்படிச் செய்து பார்க்கச் சொல்வேன். ஸ்விட்ச் எப்படி முகவரி கற்கிறது என்பது பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிட இதில் நன்றாகப் பதியும்.

இரண்டாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. லினக்ஸ் பிரிட்ஜ் தன்னை வயராக நினைத்துக்கொள்வதில்லை, ஸ்விட்ச் என்றே நடந்துகொள்கிறது. 01:80:C2:00:00:00 முதல் 01:80:C2:00:00:0F வரையுள்ள பதினாறு முகவரிகளுக்கு வரும் ஃபிரேம்களை ஸ்விட்ச் மறுபக்கம் கடத்தக் கூடாது என்பது தரநிலை விதி. அக்கம்பக்கத்துக் கருவியைக் கண்டறியும் எல்எல்டிபி செய்தி இந்த வரிசையில் 0E முகவரிக்குப் போகிறது. பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி செய்தி 02 முகவரிக்குப் போகிறது. இரண்டு ரவுட்டர்களையும் நேரடியாக இணைத்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். நடுவில் இருக்கும் பிரிட்ஜ் இந்தச் செய்திகளைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். எல்எல்டிபியை மட்டும் விடச் சொல்லி பிரிட்ஜின் அமைப்பில் 16384 என்ற எண்ணை எழுதினால் விட்டுவிடும். அதே இடத்தில் எல்ஏசிபியை விடச் சொன்னால் கர்னல் மறுத்துவிடும். எல்ஏசிபி வேண்டுமென்றால் பிரிட்ஜ் இல்லாத இணைப்புக்கு மாறுவது எளிது. ஜிஎன்எஸ்3 பயன்படுத்தும் யுடிபி சுரங்கமும், கன்டெய்னர்லேப் என்ற கருவி பயன்படுத்தும் வீத் ஜோடியும் உண்மையான வயரைப் போல எல்லாவற்றையும் கடத்தும்.

பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு விஷயத்திலும் இதே கதை. பிரிட்ஜின் வழக்கமான அளவு 1500 பைட். எம்பிஎல்எஸ் ஒவ்வொரு லேபிளுக்கும் 4 பைட் கூட்டும். சிறிய பிங் போகும், பெரியது போகாது, பிழைச்செய்தியும் வராது. ஓஎஸ்பிஎஃப் ஓடும் இரண்டு ரவுட்டர்களில் ஒன்று 1500, மற்றது 9000 என்று இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையில் அப்படியே நின்றுவிடுவார்கள். அடுத்த கட்டத்தில் பரிமாறும் செய்திக்குள் எம்டியு அளவு எழுதப்பட்டிருக்கும், தன்னுடையதைவிடப் பெரிய அளவைக் கண்ட ரவுட்டர் அந்தச் செய்தியை ஏற்க மறுக்கும். இது லேபின் மாயத்தோற்றம் அன்று. நிஜ நெட்வொர்க்கிலும் இதே நிலை, இதே காரணம்தான். எக்ஸ்ஸ்டார்ட்டைக் கண்டதும் கை தானாக எம்டியுவைப் பார்க்கப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தை லேபில் சம்பாதிக்கலாம்.

இணைப்பு அறுவதில் லேபும் நிஜமும் வேறுபடுகின்றன, இதில் ஏமாறுவது எளிது. நிஜமான ஃபைபர் அறுந்தால் ஒளி நின்றதை மறுமுனை உடனே உணர்ந்துவிடும். மெய்நிகர் லேபில் முதல் ரவுட்டரை அணைத்தால் இரண்டாவதற்குத் தெரியாது, ஏனென்றால் அதன் இணைப்பு நடுவில் உள்ள பிரிட்ஜோடுதான். பிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் தன் வழக்கமான 40 வினாடி காத்திருக்கும். பிஜிபி 180 வினாடி காத்திருக்கும். மூன்று நிமிடம் பாக்கெட்டுகள் பாழ்கிணற்றில் விழுந்துகொண்டிருக்கும். பிஜிபி இவ்வளவு மந்தமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சமயம், இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஸ்விட்ச் இருக்கும் நிஜ இடங்களில் இந்த மூன்று நிமிடம் அப்படியே நிகழும். அதைத் தடுக்கத்தான் பிஎஃப்டி என்ற நெறிமுறை இருக்கிறது: 300 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு, மூன்று துடிப்பு தவறினால் இணைப்பு செத்துவிட்டதாக அறிவிப்பு. லேபில் இதை 50 மில்லி வினாடி என்று இறுக்கினால், பிராசசர் நெரிசலில் துடிப்பு தாமதமாகி, நல்ல இணைப்பும் விழுந்து விழுந்து எழும். அது நெறிமுறையின் குறையன்று, லேப்டாப்பின் மூச்சுத்திணறல்.

இனி ஒரு சோதனை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைச் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள்.

2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதி தன்னிடம் இருப்பதாக பிஜிபியில் அறிவித்தது. உள்நாட்டுக்குள் நிற்க வேண்டிய அறிவிப்பு, அதன் மேல்நிலைச் சேவை நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது. உலக நேரம் 18:47-க்கு இது தொடங்கியது. யூடியூப் அதுவரை அறிவித்திருந்தது, அதையும் உள்ளடக்கிய 208.65.152.0/22 என்ற பெரிய தொகுதியை (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் குறையக் குறையத் தொகுதி பெரிது). பெரிய தொகுதி, சிறிய தொகுதி இரண்டும் பட்டியலில் இருந்தால் ரவுட்டர் சிறியதையே தேர்ந்தெடுக்கும். சென்னைக்கு ஒரு தபால் பை, மயிலாப்பூருக்குத் தனியாக ஒரு தபால் பை என்று இருந்தால் மயிலாப்பூர்க் கடிதம் மயிலாப்பூர்ப் பைக்குத்தானே போகும்? உலகின் பல பகுதிகளில் யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போய் மறைந்தன.

இதை எஃப்ஆர்ஆர் ஓடும் நான்கு ரவுட்டர்களில் மீண்டும் நிகழ்த்தலாம். நடுவில் மேல்நிலை நிறுவனம்; பிஜிபியில் அதை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண் 65002. அதோடு மூன்று பேர் இணைகிறார்கள்: வீடியோ நிறுவனம் 65001, தொலைத்தொடர்பு நிறுவனம் 65003, எங்கோ இருக்கும் பார்வையாளர் 65004. 64512 முதல் 65534 வரை தனிப்பயன்பாட்டு எண்கள் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகவரிகளும் தனியார் வரிசையிலேயே இருக்கட்டும்: 65001 அறிவிப்பது 10.65.152.0/22.

அறிவித்த பிறகு 65004-இன் பட்டியலைப் பார்த்தால் அநேகமாக எதுவும் இருக்காது. புதிய எஃப்ஆர்ஆர் பதிப்புகளில், எதை வாங்கலாம் எதைக் கொடுக்கலாம் என்று கொள்கை எழுதாதவரை, வெளி ஏஎஸ்ஸோடு ஒரு வழியையும் பரிமாறாது. 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம் அப்படித்தான் இருக்கச் சொல்கிறது. கசிவுகளில் பட்ட அடி இப்படி மென்பொருளின் இயல்பிலேயே ஏறியிருக்கிறது. 2008-க்குத் திரும்ப, எல்லாவற்றையும் அனுமதிக்கும் கொள்கையை நாமே வலிந்து எழுத வேண்டும். எழுதியதும் /22 வந்து சேரும். 10.65.153.1-க்கும் 10.65.154.1-க்கும் பிங் போகும்.

இப்போது 65003-இல் 10.65.153.0/24-ஐ வெற்றிடத்துக்குத் திருப்பி, அதை பிஜிபியில் அறிவியுங்கள். சில வினாடிகளில் 65004-இன் பட்டியலில் புதிய வரி முளைக்கும். 153.1-க்குப் பிங் நின்றுவிடும், 154.1-க்குத் தொடரும். வீடியோ நிறுவனத்தின் ரவுட்டரில் போய்ப் பாருங்கள்: முதல் பார்வையில் அங்கே எந்தக் கோளாறும் தெரியாது. அண்டை ரவுட்டரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும், இணைப்பு எல்லாம் உயிரோடு இருக்கும், வரத்து மட்டும் குறைந்திருக்கும். பாதிக்கப்பட்டவர் தன் பெட்டியின் நலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எளிதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்த இடத்தில் புரியும்.

யூடியூப் அன்று என்ன செய்ததோ அதை நாமும் செய்யலாம். 20:07-க்கு அவர்களும் அதே /24-ஐ அறிவித்தார்கள். லேபில் இதைச் செய்தால் 65002-க்கு இரண்டு வழி கிடைக்கும், இரண்டும் ஒரே நீளம். மற்ற அளவுகோல்களும் சமமாகும்போது எஃப்ஆர்ஆர், முதலில் வந்த வழியையே வைத்துக்கொள்ளும். ஆக, தவறானவரே வெல்வார். அன்றைய உலகிலும் இந்த அறிவிப்பு சில இடங்களைத்தான் மீட்டது. 20:18-க்கு யூடியூப் /24-ஐ இரண்டாகப் பிளந்து இரண்டு /25-களாக அறிவித்தது. லேபில் இதைச் செய்த மறுகணம் பிங் திரும்பும். 21:01-க்கு மேல்நிலை நிறுவனம் தவறான அறிவிப்பை விலக்கியதோடு அன்றைய விவகாரம் முடிந்தது. கடைசியாக, 65003-இடமிருந்து அதன் சொந்த முகவரிகளை மட்டும் வாங்கும்படி 65002-இல் ஒரு வடிகட்டியை எழுதிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். கசிவு 65002-இன் வாசலிலேயே நின்றுவிடும். உலகத்தையே உலுக்கிய நிகழ்ச்சிக்கு மருந்து ஒரு சில வரி வடிகட்டி, அதையும் எழுத வேண்டியவர் நடுவில் இருந்தவர். சாதாரண லேப்டாப்பில் ஒரு மாலைப் பொழுதுக்குள் இவ்வளவும் செய்துவிடலாம்.

இந்தப் பயிற்சி மாணவர்களோடு நிற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் நெட்வொர்க்கை ஒத்திகை பார்க்க கிரிஸ்டல்நெட் என்ற அமைப்பை உருவாக்கி, 2017-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. தயாரிப்பாளர்களின் ரவுட்டர் இமேஜ்களையே பெருமளவில் ஓடவிட்டு, மாற்றங்களை முதலில் அங்கே செய்து பார்ப்பதுதான் அதன் அடிப்படை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் மொத்தமாக விழுந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். பராமரிப்பின்போது வழிகளை வடிகட்டும் ஓர் அமைப்பு நீக்கப்பட்டு, வெள்ளமாக வந்த வழிகளைத் தாங்க முடியாமல் மைய ரவுட்டர்கள் நிலைகுலைந்தன. ஒத்திகையின் விலை என்ன, ஒத்திகை இல்லாததன் விலை என்ன என்று யோசிக்க இது ஒன்று போதும்.

சிப் சார்ந்த விஷயங்களை மட்டும் இந்த லேப் காட்டாது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலகின் ஐபிவி4 வழிப்பட்டியல் 5,12,000 வரிகளைத் தாண்டியது. அந்த எண்ணிக்கைக்கு மேல் இடம் ஒதுக்காத பழைய ரவுட்டர்களின் சிப் நினைவகம் நிரம்பி, பல இடங்களில் இணையம் தடுமாறியது. அதே ஆபரேட்டிங் சிஸ்டத்தை மெய்நிகராக ஓடவிட்டு ஆறு லட்சம் வழிகளைக் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. அங்கே பட்டியல் இருப்பது சாதாரண ரேமில். வேகம், நெரிசல் நேரத்தில் எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை, சிப்பின் வரிசைகள் நிரம்பும் விதம் ஆகிய எதையும் லேபில் அளந்து முடிவு சொல்லக் கூடாது. மைக்ரோடிக்கின் இலவச உரிமமோ ஒவ்வொரு வாசலிலும் வெளியே போகும் வேகத்தை 1 மெகாபிட்டோடு நிறுத்திவிடும். ரவுட்டிங் கற்க அது போதும், வேகம் அளக்க உதவாது.

இரண்டு எச்சரிக்கைகள். லேபை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும்போது, லேபில் இருக்கும் டிஎச்சிபி சர்வர் வீட்டுக் கைப்பேசிகளுக்கும் டிவிக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் இணையம் நின்றுபோகும். மேலும் பல இமேஜ்களின் தொடக்கக் கடவுச்சொல் வெறுமையாகவோ ஊரறிந்ததாகவோ இருக்கும். அவற்றை வெளியே தெரியும்படி வைத்தால் யாரோ ஒருவர் உள்ளே வந்துவிடுவார். லேப் மூடிய உலகமாகவே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரிமம் வேண்டிய இமேஜ்கள் திருட்டுத்தனமாகக் கைமாறுகின்றன. யார் திறந்து எதை உள்ளே வைத்தார்கள் என்று தெரியாத ஆபரேட்டிங் சிஸ்டத்தை வீட்டுக்குள் ஓடவிடுவது ஆபத்து, சட்டப்படியும் தவறு. இன்று அதற்குத் தேவையும் இல்லை. எஃப்ஆர்ஆர் முழுக்கத் திறந்த மென்பொருள். நோக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸ் கன்டெய்னர் இமேஜை யார் வேண்டுமானாலும் இறக்கலாம். அரிஸ்டா, பதிவு செய்தவர்களுக்கு இமேஜ் தருகிறது. ஜூனிபர் 2023 முதல் விஜூனோஸை லேப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருகிறது. சிஸ்கோவின் சிஎம்எல் மென்பொருளுக்கும் ஐந்து கருவிகள் வரை ஓடவிடும் இலவசப் பதிப்பு வந்துவிட்டது.

பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் நெட்வொர்க் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரவுட்டர் வாங்க நிதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரம் ஒன்று இருந்தால், ஒரு மாணவருக்கு நான்கு எஃப்ஆர்ஆர் ரவுட்டர்கள் தாராளமாக ஓடும். முதல் வகுப்பில் அவற்றை இணைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகுப்பிலிருந்து, மாணவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு வரியைக் கெடுத்து வைத்துவிட்டு, வந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போன இடத்தில் முதல் நாளே அவர்களிடம் கேட்கப் போவது அதைத்தான்.